சீலாத் துண்டும் விமான இறக்கையும்

2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உவரியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விமானம் ஓட்டுவதை வீட்டுக் கணினியிலேயே பழகலாம் என்கிறார்களே, மைக்ரோசாஃப்ட், எக்ஸ்-பிளேன், ஃபிளைட்கியர் மூன்று சிமுலேட்டர்களில் எது நிஜத்துக்கு நெருக்கம்?"

விளம்பரங்கள் இதற்குப் படங்களையே பதிலாகக் காட்டுகின்றன. 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், பிங் வரைபடத்தின் 2 பெட்டாபைட்டுக்கும் மேற்பட்ட தரவைக் கொண்டு உலகம் முழுவதையும் கட்டியிருக்கிறது. பெரிய வேலைதான். ஆனால் சில நூறு நகரங்களைத் தவிர மற்ற ஊர்களில், மேலிருந்து தெரியும் கூரையைப் பார்த்து இது வீடு, இது கொட்டகை என்று ஊகித்துக் கட்டடம் எழுப்புவது ஒரு நிரல். உவரி கப்பல் மாதா கோயில் அதில் கப்பலாகவே தெரிய வேண்டுமானால், யாராவது தனியாக வடித்துக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தாலும் அது கண்ணுக்கு விருந்து, அவ்வளவே. விமானத்தைத் தூக்குவது காற்று. காற்றின் கணக்கை நிரல் எப்படிப் போடுகிறது என்று பார்த்தால்தான் நிஜம் பிடிபடும்.

வழி இரண்டு. முதலாவது அட்டவணை. இந்த வேகம், இந்தக் கோணம் என்றால் இவ்வளவு தூக்குவிசை என்று முன்கூட்டியே அளந்து எழுதிவைத்து, பறக்கும்போது எடுத்துப் பார்ப்பது. ஃபிளைட்கியரின் பல விமானங்களை இயக்கும் ஜேஎஸ்பிசிம் நிரல் இந்த வகை. இரண்டாவது, ஆஸ்டின் மேயர் எக்ஸ்-பிளேனில் கையாண்ட வழி. இறக்கையைத் துண்டு போடுவது.

உவரிக் கரையில் கிடக்கும் ஒரு சீலா மீனை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வஞ்சிரம் என்பார்கள். முழு மீனுக்கு ஒரே விலை சொல்வது அட்டவணை வழி. தலைப்பக்கத் துண்டு, நடுத்துண்டு, வால் துண்டு என்று நறுக்கி, தனித்தனியே எடை போட்டு விலையைக் கூட்டுவது எக்ஸ்-பிளேன் வழி. இறக்கை உடலோடு சேரும் இடம் தலைப்பக்கம், நுனி வால்பக்கம். ஒவ்வொரு துண்டும் காற்றை எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று நொடிக்குப் பல முறை கணக்கிட்டு, எல்லா விசைகளையும் கூட்டினால் விமானம் அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்துவிடும்.

இதில் என்னை மயக்குவது ஒன்று. விமானம் இடப்பக்கம் வட்டமடிக்கும்போது, உள்வட்டத்தில் இருக்கும் இடது இறக்கை மெதுவாகவும் வெளிவட்டத்து வலது இறக்கை வேகமாகவும் போகும். வலப்பக்கத் துண்டுகளின் தூக்குவிசை கூடும், விமானம் இன்னும் இடப்பக்கம் சாயப் பார்க்கும். இந்தக் குணத்தை யாரும் நிரலில் எழுதிவைக்கவில்லை. துண்டுகளைக் கூட்டியதும் தானாக வந்து நிற்கிறது.

அடுத்து ஸ்டால். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால், ஏறத்தாழ 15 பாகைக் கோணத்தில் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரியும், தூக்குவிசை சரியும். மீன் கணக்கில், அந்தத் துண்டு கெட்டுவிட்டது, விலை போகாது. மீன் முழுவதும் ஒரே நேரத்தில் கெடுவதில்லை. செவுள் இருக்கும் தலைப்பக்கம் முந்திக்கொள்ளும். நல்ல பயிற்சி விமானத்தின் இறக்கையும் அப்படித்தான். நுனியைச் சற்றுக் கீழ்நோக்கித் திருகி வைத்திருப்பதால் உடலோரத் துண்டுகள் முதலில் ஸ்டாலாகும், வால் துண்டுகள் தாங்கும். சாய்வைத் திருத்தும் ஏலரான் தகடுகள் நுனிப்பக்கமே இருப்பதால், விமானி பிடியை இழப்பதில்லை.

ஆனால் மீன் துண்டு பக்கத்துத் துண்டைப் பாதிக்காது, இறக்கைத் துண்டு பாதிக்கும். நுனியில் அடிக்காற்று மேலே சுருண்டு ஏறி, அக்கம்பக்கத் துண்டுகளின் கோணத்தையே மாற்றிவிடும். அதனால் எக்ஸ்-பிளேனும் தனித் திருத்தங்களைச் சேர்த்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்டும் 2020 பதிப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பரப்புத் துண்டுகளைக் கணக்கிடுவதாகச் சொல்கிறது. எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். தராசு தவறாக இருந்தால் ஆயிரம் துண்டாக நிறுத்தாலும் எடை தவறுதான்.

இதற்குச் சாட்சி, விமான நிறுவனங்களின் விமானிகள் பழகும், ஆறு கால்களில் ஆடும் 'லெவல் டி' சிமுலேட்டர்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள அவை, உண்மை விமானத்தைப் பறக்கவிட்டு அளந்த எண்களையே நம்புகின்றன. அளவீடு கையில் இருந்தால் அட்டவணை வெல்லும். யாரும் அளக்காத புது வடிவத்துக்குத் துண்டுக் கணக்கு கைகொடுக்கும்.

வரலாறு சுருக்கமாக: 1929இல் அமெரிக்காவின் எட்வின் லிங்க், ஆர்கன் இசைக்கருவியின் துருத்திகளைக் கொண்டு தன் முதல் விமானப் பயிற்சிப் பெட்டியைச் செய்தார். புரூஸ் ஆர்ட்விக் எழுதிய நிரலை மைக்ரோசாஃப்ட் 1982இல் வெளியிட்டது. எக்ஸ்-பிளேனும் ஃபிளைட்கியரும் 1990களில் பிறந்தவை.

எது நிஜம் என்று நீங்களே சோதிக்கலாம். மூன்றிலும் செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானம் உண்டு. காற்று வேகத்தைச் சுழியாக்கி, உவரிக்கு மேல் 8,000 அடியில் என்ஜினை அணைத்து, மணப்பாட்டை நோக்கி 68 நாட் வேகத்தில் சறுக்குங்கள். ஃபிளைட்கியரில் இருப்பது பழைய 172பி, அதற்கு 65 நாட். விமானக் கையேட்டுக் கணக்கில், 1,000 அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ 1.5 கடல் மைல் போகும். 8,000 அடிக்கு 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர். உவரியிலிருந்து மணப்பாடு நேர்கோட்டில் சுமார் 21 கிலோமீட்டர். ஆக, மணப்பாட்டை எட்டும்போது உயரம் அநேகமாகத் தீர்ந்திருக்க வேண்டும். 2,000 அடி மிச்சம் இருந்தால் அந்த நிரல் இழுவிசையைக் குறைத்துப் போட்டிருக்கிறது. பாதி வழியில் கடலில் இறங்கினால் கூட்டிப் போட்டிருக்கிறது.

இரண்டு விஷயங்களை மூன்றுமே தராது. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து காற்றாலைகளைச் சுழற்றும் காற்றின் முரட்டுத்தனம், உலக வானிலைக் கணிப்பின் அகலக் கட்டங்களுக்குள் சிக்குவதில்லை. அசையாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் உள்காதுக்கு விமானத்தின் சாய்வும் தெரியாது.

என் தீர்ப்பு இது: ஊரையும் மேகத்தையும் பார்க்க மைக்ரோசாஃப்ட், புது இறக்கை வரைந்து பறக்கவிட எக்ஸ்-பிளேன், கணக்கைத் திறந்து பார்த்துக் கற்க ஃபிளைட்கியர். கடைசியதற்குக் காசு வேண்டாம். தம்பி, அதிலிருந்தே தொடங்குங்கள். மணப்பாட்டுச் சறுக்கலை மூன்று முறை செய்து, எட்டியபோது இருந்த உயரத்தை நோட்டில் எழுதி வையுங்கள். எந்த விளம்பரத்தையும்விட அந்த மூன்று எண்கள் உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.