கிட்டாருக்கும் ஃபீலர் கேஜ்

சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் வண்டித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஃபீலர் கேஜ் புதிதல்ல. வால்வு இடைவெளியை அளக்கும் மெல்லிய எஃகுத் தகடுகளின் கொத்து அது. வீட்டிலேயே கிட்டாரைச் சரிசெய்யவும் அதுவே கைகொடுக்கும்.

கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டைக்குப் பெயர் நட். அதன் பள்ளங்கள் ஆழம் குறைந்திருந்தால் எஃப் கார்டு பிடிப்பதற்குள் விரல் நொந்துவிடும். முதல் ஃப்ரெட்டில் சுருதியும் ஏறும். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகள் மெழுகில் பதிந்தவை, பெயர்த்துத் திரும்பப் பதிக்கலாம். கிட்டாரின் மெட்டுகளான ஃப்ரெட்டுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது, நட்டின் பள்ளத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கம்பியை அழுத்தினால், முதல் ஃப்ரெட்டின் மேல் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால்தான் அரத்துக்கு வேலை.

முதல் ஃப்ரெட்டின் உயரத்தோடு 0.1 மில்லிமீட்டர் கூட்டி, அதே கனத்துக்குத் தகடுகளை அடுக்கி, நட்டை ஒட்டி வைக்க வேண்டும். அரம் தகட்டைத் தொட்டதும் நிறுத்திவிடலாம். எலெக்ட்ரிக் கிட்டாரின் மெல்லிய கம்பி பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர்தான், சாதாரண முக்கோண அரம் அங்கே வேண்டவே வேண்டாம். கம்பியின் தடிமனுக்கேற்ற நட் அரங்கள் தனியாகக் கிடைக்கின்றன.

கூடுதலாகத் தேய்ந்துவிட்டதா? பள்ளத்தில் துளி ஆப்பச்சோடாவைத் தூவி, மேலே சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டால் கல்லாக இறுகும். மறுபடி அரத்தை எடுக்கலாம்.