பற்கள் ஏன் இடம் மாறுகின்றன?

பல் தாடையில் அறைந்த ஆணி அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனில் உயிருள்ள நார்த்திசு இருக்கிறது. அழுத்தம் நீடித்தால் ஒருபுறம் எலும்பு கரைந்து, மறுபுறம் புதிதாய் வளர, பல் நகர்கிறது. பல்லுக்குக் கம்பி கட்டிச் சீராக்குவதும் இப்படித்தான். கம்பியைக் கழற்றிய பிறகும் நாக்கும் உதடும் மெல்லும் விசையும் ஓய்வதில்லை. கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி இடத்தைக் காலியாக விட்டால், பக்கத்துப் பல் அதில் சாயும், எதிர்ப்பல் அதை நோக்கி நீளும், கடி மாறிவிடும்.

நடுவயதில் கீழ் முன்பற்கள் நெருங்கினால் பலரும் ஞானப்பல்லைக் குறை சொல்கிறார்கள். ஆனால் அது முளைக்காதவர்களுக்கும், பிடுங்கியவர்களுக்கும்கூட இதே நெரிசல் வருகிறது. நெரிசலைத் தடுப்பதற்கென்று மட்டும் அதைப் பிடுங்குவது வீண் வேதனை. முன்பற்களிடையே புதிதாக இடைவெளி விழுந்தால் ஈறைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈறுநோய் பல்லைத் தாங்கும் எலும்பையே அரித்துவிடும்.