மண்ணில் வாழும் முரட்டுக் கிருமி

பகாங் மாநிலத்தின் கியா பார்ம் சந்தையில் குவியும் முட்டைக்கோசும், பக்கத்துச் சரிவுகளில் துளிர்க்கும் தேயிலையும் மண்ணை நம்பியவை. ஒரு கைப்பிடி மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன, பெரும்பாலானவை சாது. ஆனால் மலேசியாவின் ஈர மண்ணில் வாழும் ஒன்று ஆளையே கொல்லக்கூடியது. பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்பது அதன் பெயர். அதனால் வரும் நோய் மெலியோய்டோசிஸ். 2010இல் இதே மாநிலத்தின் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில், மூழ்கிய இளைஞரைத் தேடப் போனவர்களிடையே இந்நோய் பரவி உயிர்களைப் பறித்தது.

1911இல் ரங்கூனில் ஆல்பிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் இக்கிருமியை முதன்முதலில் இனங்கண்டார்கள். நோய்க்குப் பெயர் சூட்டியவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஸ்டான்டனும் பிளெட்சரும், ஆண்டு 1921.

பல கிருமிகள் மருந்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எதிர்க்கப் பழகுகின்றன. இதற்கு அந்த வலு பிறவியிலேயே உண்டு. பென்சிலினை ஒரு நொதியால் உடைத்துவிடும். ஜென்டாமைசின் என்ற மருந்து உள்ளே நுழைந்தால், செல்சவ்வில் உள்ள பம்புகளால் வெளியே இறைத்துவிடும்.

அந்தத் திமிரையே ஆய்வகம் பொறியாக மாற்றியது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆஷ்டவுன் 1979இல் வெளியிட்ட வளர்ப்பு ஊடகத்தில் ஜென்டாமைசின் கலந்திருக்கும். மற்ற கிருமிகள் பெரும்பாலும் மடியும். இது மட்டும் ஊதா நிறத்தில், சுருங்கிய பூப்போல வளர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சரவாக்கில் ஒரு சிக்கல். அங்குள்ள இக்கிருமியின் வகைகள் பலவற்றில் அந்தப் பம்பு பழுதாகியிருப்பதால் அவையும் மடிந்துவிடும். சோதனை 'கிருமி இல்லை' என்று ஏமாற்றும். அதனால் ஜென்டாமைசின் இல்லாத ஊடகத்திலும் வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்து இல்லாமல் இல்லை. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள். பிறகு கோட்ரைமோக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். கிருமி நம் செல்களுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால், பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

இனிப்புநீர் உள்ளவர்களை இது எளிதில் வீழ்த்தும். நம் சமூகத்தில் அந்த நோய் அதிகம். ஆகவே மண்ணில் இறங்கும்போது பூட்ஸும் கையுறையும் போடுங்கள், காயத்தை மூடிக்கொள்ளுங்கள். காய்ச்சல் விடாவிட்டால் மருத்துவரிடம், "மண்ணில் வேலை செய்கிறேன், இனிப்புநீர் இருக்கிறது" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரியைக் கேட்டால்தான் எந்தக் கிருமியைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரியும்.