சாவி வந்தது, இடம் எங்கே?

புதுக் காரும் புதுச் சுவரும் அன்றாட வாழ்க்கைக்கு உற்சாகம் தரும் என்ற நம்பிக்கை, பெங்களூர் ஈஜிபுராவின் குறுகலான தெருக்களில் தினமும் சோதனைக்கு உள்ளாகிறது.

நான்கு சக்கரங்களுக்கு அடியில் நான்கு எலுமிச்சம்பழங்கள். பானெட்டில் சந்தனமும் குங்குமமும். இரண்டு பக்கமும் கட்டிய வாழைக்கன்றுகள். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. ஆயுத பூஜை சமயத்தில் ஈஜிபுராவின் எந்தக் குறுக்குத் தெருவில் நுழைந்தாலும் காணக்கூடிய காட்சி இது. பழங்கள் நசுங்குகின்றன, கார் பத்தடி முன்னே நகர்கிறது, குடும்பம் கைதட்டுகிறது. தலைவலி அதற்குப் பிறகுதான். பதினோராவது அடியில் தண்ணீர் லாரி நிற்கிறது. பின்னால் போகலாம் என்றால் அங்கே மூன்று ஸ்கூட்டர்களும் ஒரு தள்ளுவண்டியும்.

கோரமங்களாவுக்கும் விவேக்நகருக்கும் தோம்லூருக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது ஈஜிபுரா. ஒரு காலத்தில் கிராமம். இன்று இருபதுக்கு முப்பது, முப்பதுக்கு நாற்பது அடி மனைகளில் மூன்று, நான்கு மாடிகள் எழும்பிய வாடகை வீடுகளின் பேட்டை. மென்பொருள் நிறுவன ஊழியர், விற்பனைப் பிரதிநிதி, கார் டிரைவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண் என்று எல்லோரும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாமே மளிகைக் கடையில் செல்லுபடியாகும். சம்பளம் உயர்ந்ததும் வாழ்க்கையைக் கொஞ்சம் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை இங்கேயும் எழுகிறது. பெரும்பாலும் அந்த ஆசை இரண்டு பாதைகளில் போகிறது. ஒன்று கார் ஷோரூமுக்கு, மற்றொன்று வீட்டு அலங்காரக் கடைக்கு. 2022 ஜூனில் நாகசந்திராவில் ஐகியாவின் கடை திறந்தபோது நகரமே திரண்டு போனது.

ஆனால் ஈஜிபுராவில் காசைவிடத் தட்டுப்பாடான பொருள் ஒன்று உண்டு. அது இடம்.

ஒரு படுக்கையறை அளவு கார்

1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி வழங்கியபோது, நடுத்தர வர்க்கத்தின் கார் கனவுக்கு ஓர் அளவு கிடைத்தது. சுமார் 3.3 மீட்டர் நீளம், 1.44 மீட்டர் அகலம். அதாவது தரையில் 52 சதுர அடி. 2001-ல் பெங்களூரிலேயே தயாராகி வெளிவந்த ரேவா மின்சாரக் கார் இன்னும் சிறியது. 38 சதுர அடிக்குள் அடங்கிவிடும். சேதன் மைனியின் அந்தக் குட்டிக் காரை லண்டன்வாசிகள் 'ஜி-விஸ்' என்ற பெயரில் வாங்கி ஓட்டினார்கள். உள்ளூரில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களே அதிகம்.

இப்போது வாங்குபவர்களின் கண் உயரமான எஸ்.யு.வி.க்களின் மேல்தான். 4.3 மீட்டர் நீளமும் 1.79 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு நடுத்தர எஸ்.யு.வி. தரையில் 83 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. கதவைத் திறந்து இறங்க வேண்டிய இடத்தையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். பத்துக்குப் பத்து படுக்கையறையில் இரண்டு குழந்தைகளோடு படுத்துறங்கும் குடும்பம், வீட்டுக்கு வெளியே தெருவில் இன்னொரு படுக்கையறையைத் தேட வேண்டியிருக்கிறது.

சிறிய கார்களுக்கு அரசு சலுகை காட்டாமல் இல்லை. நான்கு மீட்டருக்குக் குறைந்த நீளமும் சிறிய என்ஜினும் உள்ள கார்களுக்கு 2006 பட்ஜெட்டில் உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அதே வகைக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் விலையைக் குறைப்பதால் தெரு அகலமாகிவிடாது. ஜப்பான் 1962-லேயே வேறு வழியில் போனது. அங்கே பெரும்பாலான இடங்களில் காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று பெற்ற பிறகுதான் காரைப் பதிவு செய்ய முடியும். இப்படி ஒரு விதி வேண்டும் என்ற பேச்சு பெங்களூரிலும் அவ்வப்போது எழுந்து அடங்கியிருக்கிறது.

நிறுத்துவதுதான் சிரமம், ஓட்டுவதாவது சுகம் என்று சொல்ல முடியுமா? நெதர்லாந்தின் டாம்டாம் நிறுவனம் எடுத்த கணக்குப்படி, 2023-ல் பெங்களூரின் மையப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் 10 விநாடி ஆனது. மணிக்கு 21 கிலோமீட்டர்தான் வேகம். கோரமங்களா வழியாகப் போகும் நெரிசலைத் தீர்க்க, ஈஜிபுராவிலிருந்து சுமார் 2.5 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு 2017-ல் வேலை தொடங்கியது. வருடக்கணக்கில் அது வெறும் தூண்களாகவே நின்றதை இந்த வழியாகப் போனவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

எத்தனை நாள் புதுசு?

கார் தரும் மகிழ்ச்சி பொய் அல்ல. மழையில் நனையாமல் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோவதும், நினைத்த மாத்திரத்தில் ஓசூர் வழியாகச் சொந்த ஊருக்குக் கிளம்புவதும் பெரிய விஷயங்கள். வயதான அம்மாவைப் பேருந்து நிலையத்தில் காத்திருக்க வைக்காமல் அழைத்துவருவது இன்னும் பெரிய விஷயம். கேள்வி, அந்தப் பயனுக்கு எவ்வளவு பெரிய கார் தேவை என்பதுதான்.

புதுமைக்கு ஆயுள் குறைவு. அமெரிக்காவில் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரும் பரிசு பெற்ற 22 பேரை ஆராய்ந்து, ஃபிலிப் பிரிக்மன் என்ற உளவியல் அறிஞரும் சகாக்களும் 1978-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படியாக மகிழ்ச்சியாக இல்லை. அரட்டை அடிப்பது, டி.வி. பார்ப்பது போன்ற சின்னச்சின்ன சந்தோஷங்களை மற்றவர்களைவிடக் குறைவாகவே ரசித்தார்கள். கிடைத்தது எதுவானாலும் மனம் அதற்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது. கார் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், மனம் ஆறு மாதத்தில் பழகிவிட்டாலும் மாதத் தவணை ஏழு வருடம், அதாவது 84 மாதம் வரை நீள்கிறது.

முதல் மாருதி 800-ஐப் பெற்ற ஹர்பால் சிங்கின் கதை இங்கே நினைத்துப் பார்க்கத் தக்கது. இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரான அவர் குலுக்கலில் தேர்வாகி அந்தக் காரை வாங்கினார். அதன் பிறகு எத்தனையோ மாடல்கள் வந்தன. அவர் 2010-ல் இறக்கும்வரை அந்தக் காரை விற்கவில்லை. பிற்பாடு துருப்பிடித்துக் கிடந்த அதை மாருதி நிறுவனமே சீர்செய்து தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது.

இருக்கும் காரையே புதிதாக்கும் வித்தை மெக்கானிக்குகளுக்குத் தெரியும். ஏ.சி. ஃபில்டரை மாற்றினால் பாதி துர்நாற்றம் போய்விடும். மங்கிப்போன முகப்பு விளக்குக்குப் பாலிஷ், சக்கரங்களுக்கு அலைன்மென்ட், இருக்கைக்குப் பருத்தி உறை. எல்லாம் சேர்ந்தாலும் செலவு ஆயிரங்களில்தான், லட்சங்களில் அல்ல. பலரும் ஆசையாக முகரும் 'புதுக் கார் வாசனை' உண்மையில் பிளாஸ்டிக்கும் பசையும் வெளியிடும் ரசாயன ஆவி. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் முதலில் கண்ணாடியை இறக்கிவிடுவது நல்லது. காரைக் கழுவுவதிலும் கவனம் தேவை. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றியபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது. ஈரத் துணியால் துடைத்தாலே கார் பளிச்சென்றுதான் இருக்கும்.

ஆணி அடிக்கக் கூடாது

வீட்டுக்குள் வந்தால் வேறு வகையான இட நெருக்கடி. சுவர் இருக்கிறது, ஆனால் அது குடியிருப்பவருடையது அல்ல. "ஆணி மட்டும் அடிக்காதீங்க சார்" என்பது சாவியோடு சேர்த்து வீட்டுக்காரர் கொடுக்கும் முதல் அறிவுரை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கத்துக்குப் பெங்களூர் பேர்போனது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அதற்கு உயிர்.

காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் இங்கே சகஜம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாடகைக்காரர் தான் குடியிருக்கும் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்க முடியாது. தான் போன பிறகு அடுத்தவர் பார்க்கப்போகும் சுவருக்குப் பணம் கொடுக்கிறார்.

ஆகவே சுவரைத் தொடாமல் வீட்டை மாற்றுவதுதான் ஈஜிபுரா குடித்தனக்காரரின் கலை. முதலில் வெளிச்சம். பக்கத்துக் கட்டடத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லாத வீடுகளில் பகலிலேயே விளக்கு எரிகிறது. ஒரே வெள்ளை டியூப்லைட்டுக்குப் பதிலாக, மாலையில் ஒரு மூலையில் மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. விளக்கை வைத்தால் அதே அறை வேறு அறையாகத் தெரியும். ஜன்னலுக்கு எதிரே ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சம் உள்ளே பரவும். அடுத்தது துணி. கனமான திரையை எடுத்துவிட்டு மெல்லிய பருத்தித் திரை போடலாம். பீரோவில் தூங்கும் பழைய கைத்தறிப் புடவைகூட அதற்குப் போதும். மூன்றாவது, இருப்பதை இடம் மாற்றுவது. டி.வி.யை நோக்கியே எல்லா நாற்காலிகளும் திரும்பியிருக்கும் கூடத்தில், இரண்டு நாற்காலிகளை ஒன்றையொன்று பார்க்கும்படி போட்டால் வீட்டில் பேச்சு அதிகமாகும். செலவு ஒன்றுமில்லை.

அலங்காரப் பொருளுக்கும் தூர தேசம் போக வேண்டாம். மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர் போனால் சென்னபட்டணம். கடைசல் மரத்தில் அரக்கு வண்ணம் ஏற்றிய பொம்மைகளும் கிண்ணங்களும் அங்கே தலைமுறைகளாகச் செய்யப்படுகின்றன. லால்பாக்கின் குடியரசு தின, சுதந்திர தின மலர்க் கண்காட்சிகளுக்குப் போய்வருபவர்கள் ஒரு தொட்டிச் செடியையாவது தூக்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. அப்படிச் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது வைக்க வேண்டும் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. கண்ணுக்குப் பச்சை என்பதே போதுமான காரணம்.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்ட்டைச் சுரண்டும்போது எழும் தூசி சிறு குழந்தைகளுக்கு ஆபத்து. ஈரப்படுத்தித் தேய்ப்பதும், அந்த நாட்களில் குழந்தைகளை வேறிடத்தில் வைப்பதும் அவசியம்.

சுவரே போனவர்கள்

வீட்டைப் புதுப்பிக்கும் பேச்சுக்கு ஈஜிபுராவில் இன்னொரு முகமும் உண்டு. பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்காக மாநகராட்சி கட்டிக்கொடுத்த சுமார் 1,500 சிறு வீடுகள் இங்கே இருந்தன. தரம் மோசமான அந்தக் கட்டடங்களில் ஒரு பகுதி 2007-ல் இடிந்து விழுந்தது. மக்கள் தகரக் கொட்டகைகளுக்கு மாறினார்கள். நிலத்தைத் தனியார் கூட்டுடன் மேம்படுத்தும் திட்டத்துக்காக 2013 ஜனவரியில் அந்தக் கொட்டகைகளும் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பல குடும்பங்கள் பக்கத்திலேயே நடைபாதையில் தங்கின. ஏனென்றால் வேலை இங்கே, பிள்ளைகளின் பள்ளி இங்கே. அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன.

திரையை மாற்றுவதும் செடி வைப்பதும் அற்ப விஷயம் என்று நினைப்பவர்களுக்கு அந்த நடைபாதை வேறு பாடம் சொன்னது. நாளைக்கும் இங்கேயே இருப்போம் என்ற நம்பிக்கை உள்ளவர்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்ற முடியும்.

வருடம் முடிந்து வாடகை உயரும்போது ஈஜிபுராவின் குடித்தனங்கள் பல இடம் மாறுகின்றன, பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளி. அன்றைக்குத்தான் கார் முழுதாக உபயோகப்படுகிறது. பின்சீட்டை மடித்து, மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதை மடியில் வைத்துக்கொண்டு, நான்கு தொட்டிச் செடி, மடித்த திரைகள், அந்த மஞ்சள் விளக்கு, கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். புது வீட்டில் முதல் மாலை விளக்கை மூலையில் வைத்துப் போட்டதும், குழந்தை தன் வீட்டுக்கே வந்துவிட்டதுபோல ஓடத் தொடங்குகிறது. காருக்கு இடம் தேடி அப்பா இன்னும் தெருவைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.