மூட்டையைத் தரையில் இறக்காதீர்கள்... இடுப்பு தப்பிக்கும்!

“நாலு நெல் மூட்டை தூக்கி வண்டியில போட்டேன். அஞ்சாவது மூட்டையில இடுப்புல ‘சுரீர்’னு இழுத்துச்சு. மூணு நாளா நிமிர முடியல. வாயுப் பிடிப்புனு சிலர் சொல்றாங்க, டிஸ்க் விலகியிருக்கும்னு சிலர் பயமுறுத்துறாங்க. ஸ்கேன் எடுக்கணுமா? இனிமே மூட்டை தூக்கலாமா, கூடாதா?”

சம்பா அறுவடை முடியும் தை, மாசியில் வரும் கேள்வி இது. அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது, உழவுக்கும் வந்துவிட்டது. களத்திலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து வீட்டுக்கும் மூட்டையைத் தூக்குவது மட்டும் இன்னும் நம் இடுப்பை நம்பித்தான் நடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி 50 கிலோ. வியாபாரிகள் பிடிக்கும் நெல் மூட்டை ஊருக்கு ஊர் மாறும். 60 கிலோவும் உண்டு, 75 கிலோவும் உண்டு.

“எங்க அப்பா ரெண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்குவாரு” என்று பெருமை பேசுவோம். அவர் எத்தனை கிலோ தூக்கினார் என்பதைவிட, எந்த உயரத்திலிருந்து தூக்கினார் என்று கேட்பதுதான் சரி.

கடப்பாரையை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான பக்கத்தை நாம் பிடித்து அழுத்தினால், குட்டையான பக்கத்தில் பெரிய பாறையே அசைகிறது. குனிந்து மூட்டை தூக்கும்போது இது தலைகீழாகிவிடுகிறது. மூட்டைதான் நீளமான பக்கத்தில் இருக்கிறது. அதைத் தாங்கும் முதுகுத் தசை, முதுகெலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருந்து இழுக்கிறது. உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி 40 கிலோ மூட்டையைப் பிடித்தால், பத்து மடங்கு, அதாவது 400 கிலோ அளவுக்கு அந்தத் தசை இழுக்க வேண்டும். நம் மேலுடம்பின் எடை இதில் சேரவில்லை. அதே மூட்டையை வயிற்றோடு அணைத்து 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் கணக்கு பாதியாகக் குறைகிறது. மூட்டை அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் இதற்கொரு கணக்கு வகுத்தது. மூட்டை தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், உடம்பை ஒட்டி, நேர் எதிரே, நல்ல பிடிமானத்தோடு இருந்தால்கூட ஒருவர் தூக்க 23 கிலோ என்பதே அந்தக் கணக்கின் உச்சம். தரையிலிருந்து தூக்கினால், திரும்பித் தூக்கினால், அடிக்கடி தூக்கினால் அதுவும் குறைந்துகொண்டே போகும். நாம் தூக்குவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதுவும் தரையிலிருந்து!

75 சென்டிமீட்டர் என்றால் இரண்டரை அடி. இதைத்தான் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நம் முன்னோர் பாதையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டவை பல. இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமைக்காரர் குனியாமல் சுமையை இறக்கி வைக்கலாம், தூக்கிவிட ஆள் இல்லாமலே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இன்று அந்தக் கற்கள் தார்ச்சாலை ஓரத்தில் சும்மா நிற்கின்றன. அதே ஏற்பாடு நம் களத்துக்கும் வேண்டும்.

செலவு பெரிதாக இல்லை. களத்து ஓரத்தில் இரண்டரை அடி உயரத்துக்குச் செங்கல்லோ, பழைய பனங்கட்டையோ வைத்து ஒரு மேடை போட்டுக்கொள்ளுங்கள். வெற்றுச் சாக்கை மேடையிலேயே வைத்து, முறத்தாலும் கூடையாலும் நெல்லை அள்ளிப் போட்டு நிரப்பித் தையுங்கள். மூட்டை ஒருபோதும் தரையைத் தொடாது. டிரெய்லரை மேடைக்கு ஒட்டி நிறுத்தினால் தூக்கவே வேண்டாம், சரித்துத் தள்ளினால் போதும். உர மூட்டையையும் வீட்டில் தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். ஈரம் ஏறி உரம் கட்டி தட்டுவதும் குறையும். வீட்டுத் தேவைக்கு மூட்டை பிடிக்கும்போது எதற்கு 60 கிலோ? 25 கிலோவாகப் பிடித்தால் நடை கூடும், அவ்வளவுதான்.

மேடை இல்லாத இடத்தில் 40 கிலோ மூட்டைக்கு இரண்டு பேர் பிடியுங்கள். இது கௌரவக் குறைச்சல் இல்லை. தூக்கிக்கொண்டு இடுப்பை மட்டும் முறுக்கித் திருப்பி வண்டியில் வீசுவதுதான் மிக மோசம். காலை எடுத்து வைத்து உடம்பு முழுவதும் திரும்ப வேண்டும்.

இரண்டு நேரங்களில் கூடுதல் கவனம் தேவை. ஒன்று, படுக்கையிலிருந்து எழுந்த முதல் ஒரு மணி நேரம். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் இரவில் நீரை இழுத்து உப்பியிருக்கும். அப்போது குனிந்தால் அவற்றின் மேல் இழுப்பு அதிகம். காலையில் மாட்டுத் தொழுவம், பால் கறவை என்று முதலில் நடமாடிவிட்டு, பிறகு மூட்டையைத் தொடுங்கள். இன்னொன்று, டிராக்டர் ஓட்டி இறங்கிய உடனே. அதிர்வில் கூனி உட்கார்ந்த முதுகு சட்டென்று சுமைக்குத் தயாராக இருக்காது. ஐந்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு இறக்கினால் வண்டி ஒன்றும் ஓடிவிடப் போவதில்லை.

பிடித்துவிட்டால் என்ன செய்வது?

முதல் இரண்டு நாள் வலி கடுமையாக இருக்கும். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்கும்படி கெண்டைக்கால்களை ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்தால் இதமாக இருக்கும். வெந்நீர் ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால், வாரக்கணக்கில் படுத்தே கிடக்காதீர்கள். ‘அசையாமப் படு’ என்பது பழைய யோசனை. இப்போது மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. மெதுவாக வீட்டுக்குள், பிறகு வரப்பு வரை என்று நடந்தால்தான் சீக்கிரம் குணமாகும். இப்படிப் பிடித்த இடுப்பு பெரும்பாலானவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் நன்றாகத் தேறிவிடும்.

ஸ்கேன் விஷயத்துக்கு வருவோம். 1994-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் வட்டு பிதுங்கியிருந்தது. அவர்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தவர்கள்! ஆகவே ‘டிஸ்க் பிதுங்கியிருக்கு’ என்று ரிப்போர்ட்டில் இருப்பதை வைத்து மட்டும் நகையை அடகு வைத்து அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டாம். கீழே சொல்லும் அபாய அறிகுறிகள் இல்லையென்றால் முதல் சில வாரங்களில் ஸ்கேன் தேவைப்படாது.

அந்த அறிகுறிகள் இருந்தால் கதையே வேறு. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நிரந்தரமாகவே பாதிக்கலாம். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது, கால் பலம் குறைந்துகொண்டே போகிறது என்றாலும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் தூங்கவிடாத வலி என்றால் காசநோயா என்று பார்க்க வேண்டும். அது முதுகெலும்பையும் தாக்கும். மரத்திலிருந்து விழுந்த பிறகு வந்த வலியையும், வயதான பெண்களுக்குச் சிறு சுமை தூக்கியதும் வந்த வலியையும் எலும்பு முறிவாக இருக்கலாம் என்று நினைத்துத்தான் அணுக வேண்டும். விட்டு விட்டு வந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் வியர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காத உடம்பில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும், வயிறு புண்ணாகும். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் தடவி நீவிக்கொள்வதில் பெரிய தவறில்லை. கால் மரப்பு இருக்கும்போது முதுகை மிதிக்கவோ, முறுக்கி நெட்டி எடுக்கவோ மட்டும் விடாதீர்கள்.

வலி தணிந்ததும் தினமும் பத்து நிமிடம் உடற்பயிற்சி செய்யலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி எட்டு விநாடி நிறுத்துவது ஒன்று. தவழும் நிலையில் வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி நிறுத்தி, பிறகு பக்கம் மாற்றுவது இன்னொன்று. வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவர் இருந்தால் கேட்டுச் செய்வது நல்லது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இனிமேல் மூட்டை தூக்கலாமா என்ற கேள்விக்குப் பதில், தூக்கலாம். வலி போன மறுநாளே 60 கிலோவைத் தொடாமல், அரை மூட்டையில் ஆரம்பித்து, மேடையிலிருந்து தூக்குங்கள். இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: முன்பே சொன்ன அதே அமெரிக்க நிறுவனம் 1994-ல் இதையும் ஆராய்ந்து, நல்ல நிலையில் இருப்பவரின் இடுப்பை பெல்ட் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பெல்ட்டுக்குக் கொடுக்கும் காசில் மேடைக்குச் செங்கல் வாங்கலாம்.