கணினி எழுதும் கணக்கேடு

நுழையும்முன்

பணம் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே வங்கியின் கணினி நின்றுவிட்டால் அந்தப் பணம் என்னவாகும்? நம் சேமிப்பையும் மதிப்பெண்ணையும் பயணச்சீட்டையும் இத்தகைய இடர்களிலிருந்து காப்பது, தரவுத்தளத்துடன் அமைந்த ஒரு பதிவேடு. அதன் இயல்பையும் நான்கு நிலைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

வெளியூரில் தங்கிப் படிக்கும் மகளுக்குத் தாய் ஒருவர் 2,000 ரூபாய் அனுப்புகிறார். இருவர் கணக்கும் ஒரே வங்கியில் உள்ளன. கைப்பேசியில் ஒருமுறை தொட்டதும் பணி முடிந்ததுபோல் தோன்றும். ஆயினும், தரவுத்தளத்தில் இரு மாற்றங்கள் நிகழ வேண்டும். தாயின் கணக்கில் அத்தொகை குறைய வேண்டும். மகளின் கணக்கில் கூட வேண்டும். இடையில் வழங்கி நின்றால், தாயிடம் குறைந்த பணம் மகளைச் சேராது. எனவே இரண்டும் சேர்ந்தே நிகழ வேண்டும். இல்லையேல் இரண்டுமே நிகழாதிருக்க வேண்டும். இவ்வாறு பிரிக்கவியலாத செயல்தொகுதியே பரிவர்த்தனை எனப்படுகிறது.

முன்னெழுதும் நெறி

வழங்கி விரைவு கருதித் தரவுகளை முதலில் நினைவகத்தில் மாற்றுகிறது. மின்சாரம் நின்றால் நினைவகத்தில் உள்ளவை மறைந்துவிடும். ஆகவே, வட்டிலுள்ள தரவு மாறுவதற்கு முன்பே, அம்மாற்றத்தைப் பற்றிய குறிப்பு வட்டிலுள்ள பதிவேட்டில் எழுதப்படுகிறது. பரிவர்த்தனை நிறைவுற்றது என்னும் குறிப்பு பதிவேட்டில் பதிந்த பிறகே, ‘முடிந்தது’ என்னும் விடை நமக்கு வருகிறது. நின்ற வழங்கி மீண்டும் இயங்கும்போது பதிவேட்டைப் படிக்கிறது. நிறைவுற்ற பரிவர்த்தனைகளில் விடுபட்ட மாற்றங்களை மீண்டும் செய்கிறது; நிறைவுறாதவற்றை முந்தைய நிலைக்குத் திருப்புகிறது.

நான்கு நிலைகள்

பதிவேடு முடிவின்றி வளர இயலாது. எழுதியவற்றுள் எதனைக் காப்பது, எதன்மேல் மீண்டும் எழுதுவது? மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ‘எஸ்க்யூஎல் சர்வர்’ பதிவேட்டுக் கோப்பைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பகுதியும் பின்வரும் நிலைகளுள் ஒன்றில் இருக்கும்.

1. செயல்நிலை: நிறைவுறாத பரிவர்த்தனையின் குறிப்போ, வட்டிலுள்ள தரவுடன் இன்னும் சேராத மாற்றத்தின் குறிப்போ இதில் இருக்கும். இதன்மேல் எழுதுதல் கூடாது.

2. மீட்புநிலை: இதிலுள்ள பரிவர்த்தனைகள் நிறைவுற்றன, எனினும், பதிவேட்டுக்குக் காப்புநகல் இன்னும் எடுக்கப்படவில்லை. அதுவரை இப்பகுதி காக்கப்படும்.

3. மறுபயன்பாட்டு நிலை: இதிலுள்ள குறிப்புகளின் தேவை முடிந்தது. புதிய குறிப்புகளை இதன்மேல் எழுதலாம்.

4. பயன்படாத நிலை: இதில் இதுவரை எதுவும் எழுதப்படவில்லை.

கோப்பின் இறுதிவரை எழுதிய வழங்கி, தொடக்கத்திற்குத் திரும்பி, மறுபயன்பாட்டுப் பகுதிகளில் எழுதத் தொடங்கும். இவ்வாறு பதிவேடு வட்டமாகச் சுழல்கிறது.

பதிவேடு நிரம்பினால்

அலுவலர் ஒருவர் காலையில் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி, அதனை நிறைவுசெய்ய மறந்து சென்றுவிட்டார் எனக் கொள்வோம். அது தொடங்கிய இடம் முதல் பின்னர் எழுதப்பட்டவை அனைத்தும் செயல்நிலையிலேயே தங்கிவிடும். பிறர் செய்த பணிகள் நிறைவுற்றிருப்பினும், அவற்றின் குறிப்புகள் உள்ள இடம் விடுபடாது. சுழற்சி தடைப்பட, கோப்பு வளரும். வளர இடமில்லாதபோது, பதிவேடு நிரம்பியது என்னும் 9002 ஆம் எண் பிழைச்செய்தி தோன்றும். அப்போது தரவுகளைப் படிக்கலாம்; மாற்ற இயலாது.

இந்நிலையில் இடம் வேண்டிப் பதிவேட்டுக் கோப்பையே அழித்தல் பெருந்தவறாகும். எவை நிறைவுற்றன, எவை நிறைவுறவில்லை என்பதற்கான சான்று அதனோடு அழிந்துபோகும். பதிவேடு எதற்காகக் காத்திருக்கிறது என்று முதலில் அறிதல் வேண்டும். பின்னர், திறந்துள்ள பரிவர்த்தனையை முடிக்கலாம். காப்புநகல் எடுக்கப்படாதிருப்பின் அதனை எடுக்கலாம்.

ஒரு குறிப்பின் பயன் அதன் பழமையால் முடிவதில்லை. அதனை நம்பியிருக்கும் பணி நிறைவுறும்போதே முடிகிறது. இதனை உணர்ந்து பதிவேட்டைப் பேணுவோரின் கவனத்தால்தான் தாய் அனுப்பிய பணம் மகளைச் சேர்கிறது. சேராவிடில் தாயின் கணக்கிலேயே குறையாமல் இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர் சி. மோகன். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றியபோது, பிற ஆய்வாளர்களுடன் இணைந்து இவர் உருவாக்கிய ‘ஏரீஸ்’ என்னும் மீட்பு முறை 1992 ஆம் ஆண்டு ஆய்விதழில் வெளிவந்தது. எஸ்க்யூஎல் சர்வரின் மீட்பு முறையும் அதனைத் தழுவியதே.