தாங்க ஆளில்லாத நிழல்

ராயவரம், அரிமளம், கடியாபட்டி என்று புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களுக்குப் போகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களைத்தான் தேடுவார்கள். எனக்கு 1930, 40-களில் செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்த கான்கிரீட் வீடுகள் மேல்தான் கண். வளைந்த மூலை, கோடு கோடாக ஓடும் பட்டை, சன்னலுக்கு மேல் மெல்லிய சன்ஷேடு. பம்பாய்க் கடற்கரையில் அப்போது எழுந்துகொண்டிருந்த அதே ஆர்ட் டெகோ பாணி.

அந்த சன்ஷேடை நின்று பாருங்கள். அடியில் தூண் இல்லை, மரத்தாங்கி இல்லை. இரண்டடி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். இழுவிசையைத் தாங்கும் வலு, அமுக்கத்தைத் தாங்குவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் இழுபடும் பக்கத்தில் கம்பி. இரு சுவர்மேல் கிடக்கும் தளம் நடுவில் தொய்யப் பார்க்கும், இழுபடுவது அடிப்பக்கம். சன்ஷேடோ நுனியில் தொங்கப் பார்க்கும், இழுபடுவது மேல்பக்கம். கம்பியும் மேலேதான் இருந்தாக வேண்டும். கான்கிரீட் போடும்போது யாராவது அதை மிதித்துக் கீழே இறக்கிவிட்டால், அடியில் முட்டுக்கொடுத்த சென்டரிங் பலகையைப் பிரித்ததும் சன்ஷேடு மடிந்துவிடும். அது கவிழாமல் பிடித்துக்கொள்வது, பின்னால், சன்னலுக்கு மேல் குறுக்கே கிடக்கும் லிண்டல் உத்தரத்தின் மேல் அமர்ந்திருக்கும் சுவரின் பாரம்.

இதைவிட எனக்கு வியப்பானது ஒன்று உண்டு. இரும்பும் கான்கிரீட்டும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் விரிகின்றன: ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 100-ல் ஒரு பங்கு. இந்தப் பொருத்தம் அமையாதிருந்தால் சித்திரை வெயிலே இரண்டையும் பிரித்திருக்கும்.

சரி, அந்த இரண்டடி எவ்வளவு நிழல் தரும்? புதுக்கோட்டை இருப்பது வட அட்சரேகை சுமார் பத்தரை டிகிரியில். சித்திரை பிறந்த சில நாளில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல். மார்கழியில் தெற்கே சாயும். அப்போதும் இரண்டடி சன்ஷேடு தெற்குச் சன்னலில் உச்சிவேளையில் மூன்றடி நிழல் இறக்கும். கிழக்கும் மேற்கும்தான் தொல்லை, வெயில் தாழ்வாக நுழைந்துவிடும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் 1930-களில் வடிவமைத்த கோல்கொண்ட் விடுதி, அதனாலேயே வடக்கும் தெற்கும் பார்த்து நீள்கிறது. முகப்பு முழுக்கத் திருப்பக்கூடிய பட்டைகள். வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும்.

மறுபடி சன்ஷேடுக்குள் இருக்கும் கம்பிக்கு வருவோம். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல்லாண்டுகளாக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். அப்போது பிடிக்கும் துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். உங்கள் வீட்டு சன்ஷேடில் அடிக்காரை உதிர்கிறதா? இடிக்க அவசரப்படாதீர்கள். பாரம் சுமப்பது மேல்கம்பி. முதலில் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.